தீக்குச்சியும் இருக்கைப் பட்டையும்

சென்னை மாநகரின் வட பகுதி உழைப்பாளர் வாழும் பகுதி. இராயபுரத்தில் தொடங்கிக் கடலோரமாக வடக்கு நோக்கிச் சென்றால் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கக் காணலாம். தென்னாட்டின் முதல் புகைவண்டி 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. திருவொற்றியூரில் 1946ஆம் ஆண்டில் ஒரு சிறு கொட்டகையில் பிள்ளைகள் விளையாடும் பலூன்களைச் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனம், பிற்காலத்தில் டயர் செய்யும் பெருந்தொழிலாக வளர்ந்தது. என்பீல்டு மோட்டார் சைக்கிளும் 1950களில் அவ்வூரில்தான் தன் இந்திய வாழ்வைத் தொடங்கியது. எண்ணூர் என்றதும் லாரியும் பஸ்ஸும் நம் நினைவுக்கு வரும். ஆயினும் 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் அங்கு முதலில் பூட்டி இணைத்தவை ஆஸ்டின் என்னும் சிறு கார்களே. 1955இல் அது அசோக் லேலண்டு எனப் பெயர் மாறியது. கனரக வண்டிகளே அதன் அடையாளம் ஆயின. உருளும் பொருள்களை ஆக்கித் தந்து பெயர் பெற்ற பகுதி இது எனலாம்.

இப்பகுதியில் வழங்கும் ஊர்ப்பெயர்களுள் ஒன்று விம்கோ நகர். அப்பெயரில் புகைவண்டி நிலையம் உண்டு. 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் மெட்ரோ ரயிலும் அங்குச் செல்கின்றது. நாள்தோறும் பல்லாயிரவர் அப்பெயரைச் சொல்லிப் பயணச்சீட்டுப் பெறுகின்றனர். அது யாருடைய பெயர் என்று கேட்டால் விடை சொல்வோர் மிகச் சிலரே. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்னும் தீப்பெட்டி நிறுவனத்தின் முதலெழுத்துகள் சேர்ந்தே விம்கோ ஆயிற்று. 1923ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தை இந்நாட்டில் நிறுவியவர்கள் சுவீடன் நாட்டார். அதன் ஆலைகளுள் ஒன்று திருவொற்றியூரில் அமைந்தது. ஐரோப்பாவின் வடகோடியில் பனி உறையும் ஒரு நாட்டுக்கும் நம் வடசென்னைக்கும் உள்ள பழைய உறவு இத்தீப்பெட்டியே ஆகும்.

சுவீடன் நாட்டுத் தீக்குச்சியின் வரலாறு அறிந்துகொள்ளத் தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழங்கிய தீக்குச்சிகளில் வெண் பாஸ்பரம் என்னும் நச்சுப் பொருள் பூசப்பட்டிருந்தது. சுவரில் உரசினாலும் பற்றும். செருப்பில் உரசினாலும் பற்றும். சட்டைப் பையில் ஒன்றோடொன்று உராய்ந்தாலும் பற்றும். அக்குச்சிகளைச் செய்த ஆலைகளில் பணிபுரிந்த ஏழை மகளிரும் சிறுவரும் தாடை எலும்பு அழுகும் கொடிய நோய்க்கு ஆளாயினர். தீ எளிதில் கிடைத்தது. அதன் விலையை வேறு யாரோ கொடுத்தனர். 1844இல் குஸ்டாப் எரிக் பாஷ் என்னும் சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் ஒரு புதிய வழியைக் கண்டார். தீப்பற்றுவதற்கு வேண்டிய பொருள்களை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் குச்சியின் தலையிலும் மற்றொன்றைப் பெட்டியின் பக்கத்திலும் வைத்தார். இரண்டும் சந்தித்தால் அன்றித் தீ இல்லை. பின்னர் யோன்சோப்பிங் என்னும் ஊரைச் சேர்ந்த லுண்ட்ஸ்ட்ரம் உடன்பிறப்பாளர் அதனைச் செம்மைப்படுத்திப் பெருந்தொழிலாக நடத்தினர். இன்று நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் தீப்பெட்டி அந்த வழியில் வந்ததே.

இங்கு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். "தீயிடம் எச்சரிக்கையாய் இரு" என்று மக்களுக்கு ஓயாது அறிவுரை கூறிக்கொண்டிருக்கலாம். கூறியும் வந்தனர், பயன் விளையவில்லை. மனிதன் மறதி உடையவன். களைப்பும் அவசரமும் அவனுக்கு இயல்பு. ஆதலின் எச்சரிக்கையை அவன் நெஞ்சில் மட்டும் வைக்காமல், அவன் கையாளும் பொருளிலேயே வைத்துவிட வேண்டும் என்று பாஷ் எண்ணினார். அவ்வெண்ணம் மிகச் சிறந்தது என்பது என் கருத்து. (சுவீடன் நாட்டார் செய்ததெல்லாம் நன்றே என்று கொள்ள வேண்டியதில்லை. அவர்களுடைய தீப்பெட்டிக் கூட்டு உலகச் சந்தையையே வளைத்துக்கொள்ள முயன்றது. அதன் தலைவர் ஐவார் குரூகரின் பெரும் செல்வம் 1932இல் சரிந்தபோது பல நாட்டினர் பொருள் இழந்தனர். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு எதிரே சிவகாசியின் சிறு தொழிலாளர் நிமிர்ந்து நின்று தொழில் நடத்தியது தனிக் கதை.)

தீக்குச்சியில் தோன்றிய இவ்வெண்ணம் நூறு ஆண்டு கழித்து அதே நாட்டில் மோட்டார் வண்டியிலும் தோன்றியது. சுவீடனின் மேற்குக் கரையில் கோதன்பர்க் என்னும் துறைமுக நகரம் உள்ளது. கப்பல் கட்டும் துறைகளும், சக்கரங்களுக்கு உரிய பந்துத் தாங்கிகளைச் செய்யும் எஸ்.கே.எப். ஆலையும் அங்கு இருந்தன. அவ்வாலையில் விற்பனைப் பகுதியில் பணியாற்றிய அசார் கேப்ரியல்சன், பொறியாளர் குஸ்டாப் லார்சன் என்னும் இருவரும் தம் நாட்டிலேயே ஒரு கார் செய்ய விரும்பினர். எஸ்.கே.எப். அவர்களுக்குத் துணை நின்றது. தான் முன்பே பதிவு செய்து பயன்படுத்தாது வைத்திருந்த வால்வோ என்னும் பெயரையும் கொடுத்தது. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு 'நான் உருள்கிறேன்' என்பது பொருள். 1927ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் முதல் வால்வோ கார் ஆலையிலிருந்து வெளிவந்தது. பின் அச்சில் ஒரு பற்சக்கரம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தமையால் அவ்வண்டி முதன்முதலில் ஓட்டிப் பார்த்தபோது முன்னே செல்லாமல் பின்னே சென்றதாகச் சொல்வர்.

சுவீடனின் அந்நாளைய சாலைகள் கல்லும் மண்ணும் நிறைந்தவை. குளிர்காலத்தில் பனி மூடியவை. அத்தகைய சாலைக்கு உறுதியான வண்டி வேண்டும். ஆதலின் வால்வோ தொடக்கம் முதலே அழகைவிட உறுதியையே பெரிதாக மதித்தது. 1944இல் அந்நிறுவனம் காட்சிக்கு வைத்த புதிய காரின் முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய படலம் ஒட்டப்பட்டது. உடைந்தாலும் அது சிதறிக் கண்ணிலும் கழுத்திலும் பாயாது. விரிசல் விட்டபடியே நிற்கும். போர்க்காலத்தில் ஐரோப்பா முழுவதும் எரிந்துகொண்டிருந்தபோது, ஒரு சிறு நாட்டில் சிலர் கண்ணாடி சிதறாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தனர்.

இனி, 'சீட் பெல்ட்' என்று நாம் வழங்கும் இருக்கைப் பட்டைக்கு வருவோம். வால்வோவின் வரலாற்றில் உலகம் கடன்பட்டது இதற்கே. முன்னரும் பட்டைகள் இருந்தன. இடுப்பை மட்டும் சுற்றும் பட்டை ஒருவகை. மோதலின்போது அது இடுப்பைப் பிடித்துக்கொள்ளும்; தலையும் மார்பும் முன்னே சென்று மோதும்; பட்டை அழுந்தி வயிற்றின் உள்ளுறுப்புகள் சிதைவதும் உண்டு. 1958இல் நில்ஸ் போலின் என்னும் பொறியாளர் வால்வோவில் சேர்ந்தார். அதற்கு முன் அவர் சாப் நிறுவனத்தில் போர் விமானங்களுக்குரிய இருக்கைகளை அமைத்தவர். ஆபத்து நேரும்போது விமானியை இருக்கையோடு வெளியே எறிந்து காப்பாற்றும் அமைப்பில் வல்லவர். விமானியைக் கட்டுவதற்கு நான்கு பட்டைகள் வைக்கலாம். உயிருக்கு அஞ்சி அவன் எதையும் அணிவான். கடைவீதிக்குச் செல்லும் சாதாரண மனிதனோ ஒரு நிமிடம்கூடத் தொல்லையைப் பொறுக்கமாட்டான். இதைப் போலின் நன்கு உணர்ந்திருந்தார். ஆதலின், ஒரு கையால் ஒரே இழுப்பில் மாட்டக்கூடிய பட்டையை அவர் தேடினார்.

அவர் கண்ட அமைப்பு எளியது. ஒரே பட்டை; தோளிலிருந்து மார்பின் குறுக்கே இறங்கி, இடுப்பின் பக்கத்தில் தாழ்வான ஓரிடத்தில் பூட்டப்பட்டு, மீண்டும் இடுப்பின் மேலாக மறுபுறம் செல்லும். மூன்று முனைகளில் வண்டியோடு பிணைந்திருக்கும். விலா எலும்பு, தோள் எலும்பு, இடுப்பு எலும்பு ஆகிய வலிய எலும்புகள் மோதலின் விசையைப் பகிர்ந்துகொள்ளும். மெல்லிய வயிறு தப்பும். 1959ஆம் ஆண்டு முதல் வால்வோ கார்களின் முன் இருக்கைகளில் இப்பட்டை பொருத்தப்பட்டது. அதற்குக் காப்புரிமையும் பெற்றனர். ஆனால் அவ்வுரிமையைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. எந்தக் கார் நிறுவனமும் அதை எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டனர். போட்டியாளரின் காரில் செல்பவரும் மனிதரே அன்றோ? வணிக உலகில் இத்தகைய செயல் அரிது. இன்று எண்ணூரில் செய்யப்படும் லாரியின் ஓட்டுநர் இருக்கையிலும், நம் தெருவில் நிற்கும் பழைய வாடகைக் காரிலும் இருப்பது போலின் அமைத்த வழியில் வந்த மும்முனைப் பட்டையே.

பட்டை உண்மையில் உயிர் காக்கின்றதா என்று ஐயுற்றோரும் அந்நாளில் பலர் இருந்தனர். 1967இல் போலின் விடை அளித்தார். சுவீடனில் வால்வோ கார்களுக்கு நேர்ந்த 28,000 விபத்துகளை ஆராய்ந்து அமெரிக்காவில் அறிக்கை ஒன்றை வெளியிட்டார். பட்டை அணியாதவர்கள் குறைந்த வேகத்திலும் இறந்திருந்தனர். அணிந்தவர்களோ மணிக்கு ஏறத்தாழ 96 கிலோமீட்டர் வேகத்துக்கு உட்பட்ட விபத்துகளில் ஒருவர்கூட இறக்கவில்லை. அதன் பிறகும் மக்கள் மனம் உடனே மாறிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டையைக் கண்ட சுவீடனிலேயே முன் இருக்கையில் இருப்போர் அதை அணிந்தே ஆக வேண்டும் என்னும் சட்டம் 1975இல்தான் வந்தது. ஒரே நாள் விடியலில், 1967 செப்டம்பர் 3ஆம் நாள், இடப்புறம் ஓடிய வண்டிகள் அனைத்தையும் வலப்புறம் ஓடச் செய்த நாடு அது. அத்தகைய நாட்டுக்கே பட்டையை மக்கள் தோளில் ஏற்றப் பதினாறு ஆண்டுகள் ஆயின.

வால்வோவை வாங்கி வைத்திருந்தவர்களின் அனுபவம் என்ன? அவர்கள் அதன் அழகைப் புகழ்ந்ததாகத் தெரியவில்லை. 1974 முதல் 1993 வரை இருபத்தெட்டு இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட 240 என்னும் வகையைப் பார்த்தால், செங்கல்லை அடுக்கிச் சக்கரம் பூட்டியது போலத் தோன்றும். ஆயினும் அதை வாங்கியோர் எளிதில் விற்கவில்லை. தந்தை ஓட்டிய வண்டியை மகன் ஓட்டினான். வண்டியின் நீடித்த உழைப்புக்கு ஓர் அரிய சான்று உண்டு. அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் வாழ்ந்த அறிவியல் ஆசிரியர் இர்வ் கார்டன் என்பவர் 1966இல் பி1800 என்னும் சிவப்பு வால்வோ ஒன்றை வாங்கினார். குறித்த காலத்தில் எண்ணெய் மாற்றினார், கையேட்டில் சொன்னபடி பழுது பார்த்தார், ஓட்டிக்கொண்டே இருந்தார். 2013இல் அந்த ஒரே கார் முப்பது இலட்சம் மைல்களைக் கடந்தது. நிலவுலகை ஏறத்தாழ நூற்றிருபது முறை சுற்றி வரும் தொலைவு அது. 2018இல் அவர் மறையும் வரை அக்கார் அவரிடமே இருந்தது. வண்டியின் சிறப்பு பாதி, வைத்திருந்தவரின் ஒழுங்கு பாதி என்றே நான் கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் வால்வோ என்றால் கார் நினைவுக்கு வருவதில்லை. குளிர்சாதன பஸ்தான் நினைவுக்கு வரும். 2001 முதல் பெங்களூருக்கு அருகிலுள்ள ஓசகோட்டையில் அப்பஸ்கள் செய்யப்பட்டன. வேறு நிறுவனத்தின் குளிர்சாதன பஸ்ஸையும் மக்கள் 'வால்வோ' என்று அழைக்கும் அளவுக்கு அப்பெயர் பரவியது. உண்மையில் பஸ்ஸும் லாரியும் செய்யும் வால்வோ வேறு, கார் செய்யும் வால்வோ வேறு. 1999இல் கார்ப் பகுதி அமெரிக்காவின் போர்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2010இல் சீனத்தின் கீலி நிறுவனம் அதை வாங்கியது. வால்வோ கார்கள் 2007 முதல் இந்தியாவில் விற்கப்பட்டு வருகின்றன. அவற்றின் விலை பல பத்து இலட்சம் ரூபாய். தண்டையார்பேட்டைத் தொழிலாளி அவற்றைத் தெருவில் பார்க்கலாம். வாங்க நினைக்க இயலாது.

இங்கேதான் என் மனத்தை உறுத்தும் செய்தி இருக்கிறது. உயிர்க்காப்பு என்பது அணிகலன் போன்றதா? பொருள் உள்ளவன் மிகுதியாகவும், இல்லாதவன் குறைவாகவும் வாங்கிக்கொள்ளும் சரக்கா? போலினின் பட்டை உலகுக்கெல்லாம் பொதுவாக வழங்கப்பட்டபோது இவ்வினாவுக்கு ஒரு விடை கிடைத்தது. ஆனால் நம் நாட்டில் நெடுங்காலம் வேறு விடையே நடைமுறையில் இருந்தது. இராயபுரத்தின் தெற்கே தொடங்கும் சென்னைத் துறைமுகத்தையும், 2001இல் திறக்கப்பெற்று இன்று காமராசர் பெயர் தாங்கும் எண்ணூர்த் துறைமுகத்தையும் எண்ணிப் பாருங்கள். திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் செய்யப்பட்ட கார்கள் இவ்விரு துறைகளிலிருந்தும் கப்பலேறி அயல்நாடுகளுக்குச் சென்றன. சென்னைக்கு அருகே செய்யப்பட்ட ஹூண்டாய் ஐ10 என்னும் சிறு கார் 2008இல் ஐரோப்பாவின் மோதல் சோதனையில் ஐந்துக்கு நான்கு விண்மீன்கள் பெற்றது. 2014ஆம் ஆண்டு சனவரியில் குளோபல் என்கேப் என்னும் பன்னாட்டு அமைப்பு இந்நாட்டில் விற்கப்பட்ட ஐந்து சிறு கார்களின் அடிப்படை வகைகளை மோதிப் பார்த்தது. அவற்றுள் ஐ10 காரும் ஒன்று. ஐந்தும் பெற்ற மதிப்பெண் சுழியே. ஐந்திலும் காற்றுப்பை இல்லை. கடல் கடந்து செல்லும் காருக்கு ஒரு காப்பு. கடற்கரையிலேயே வாழ்பவனின் காருக்கு வேறொரு காப்பு. துறைமுகத்தில் கார்களை ஏற்றி இறக்கிய தொழிலாளி ஒருவர் தாமும் அவ்வகைக் கார் ஒன்றை வாங்க எண்ணியிருந்தால், தம் கையால் கப்பலில் ஏற்றிய பாதுகாப்பு அவருக்குக் கிடைத்திருக்காது.

வாங்குவோர் விலையையே கேட்கின்றனர், காப்பைக் கேட்பதில்லை என்று அக்காலத்தில் காரணம் கூறப்பட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கேளாதவனுக்கும் கொடுக்கப்பட வேண்டியது உயிர்க்காப்பு. கேட்டவர்க்கு மட்டும் நச்சற்ற குச்சியும், கேளாதவர்க்கு வெண் பாஸ்பரமும் விற்கலாம் என்று இன்று எவரும் சொல்லத் துணியார். நல்ல வேளையாகச் சட்டம் விழித்துக்கொண்டது. 2019ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் ஓட்டுநர்க்குரிய காற்றுப்பையும், பின்னர் அருகிலிருப்பவர்க்குரிய காற்றுப்பையும் கட்டாயம் ஆயின. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்னும் நம் நாட்டுச் சோதனை முறையே நடைமுறைக்கு வந்தது. இன்று இந்தியப் பொறியாளர்கள் அமைத்த சில கார்கள் அச்சோதனையில் ஐந்து விண்மீன்கள் பெறுகின்றன. அறிவோ தொழில்திறனோ நம்மிடம் முன்பு இல்லாமற் போகவில்லை. கேட்பார் இல்லாமல் இருந்தது.

இத்தனையும் காருக்குள் இருப்பவரைப் பற்றிய பேச்சு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும், எண்ணூர் விரைவுச் சாலையிலும், மணலிச் சாலையிலும் காருக்குள் இருப்பவர் சிலர். வெளியே இருப்பவர் பலர். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் அங்கு வரிசையாக நிற்கும். அவற்றின் இடுக்கில் மிதிவண்டியும் மோட்டார் சைக்கிளும் நெளிந்து செல்லும். பள்ளிப் பிள்ளைகள் சாலையின் ஓரத்தில் நடப்பர். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்து நால்வர் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்; நடந்து சென்றவர் முப்பத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர். அவ்வாண்டில் நாட்டிலேயே மிகுதியான விபத்துகள் நிகழ்ந்த மாநிலம் நம் தமிழ்நாடு, அவை 64,105. நடப்பவரையும் மிதிவண்டியில் செல்பவரையும் எந்தக் காரின் பட்டையும் காக்காது.

சுவீடன் நாட்டார் இதையும் எண்ணாமல் விடவில்லை. சாலையில் எவரும் உயிரிழக்கவோ பெருங்காயம் அடையவோ கூடாது என்பதே நாட்டின் குறிக்கோள் என்று அவர்கள் நாடாளுமன்றம் 1997இல் ஏற்றுக்கொண்டது. மனிதன் பிழை செய்யத்தான் செய்வான். அப்பிழை அவன் உயிரைக் குடிக்காதபடி சாலையையும் வண்டியையும் அமைப்பது அவற்றை ஆக்குவோரின் கடமை என்பது அக்கொள்கையின் உயிர்நாடி. பாஷ் தீக்குச்சியில் செய்ததை அவர்கள் சாலையில் செய்ய முயன்றனர். வால்வோவும் 2012இல், நடப்பவர்மீது கார் மோத நேர்ந்தால் முன் மூடியின்மேல் விரிந்து அவர் தலையைத் தாங்கும் காற்றுப்பை ஒன்றைப் பொருத்திக் காட்டியது. அவ்வளவு நுட்பமான கருவி நம் சாலைக்கு உடனே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டிரெய்லர் லாரியின் பக்கவாட்டில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, ஓர் ஆள் விழுந்து உருளும் அளவு வெற்றிடம் இருக்கின்றது. அதை இரண்டு இரும்புக் குழாய்களால் அடைத்தால், சறுக்கி விழும் மிதிவண்டிக்காரர் சக்கரத்தின் அடியில் செல்லமாட்டார். பின்புறத்தில் தாழ்வாக ஒரு குறுக்குக் கம்பி இருந்தால், பின்னே வந்து மோதும் கார் லாரியின் அடியில் புகாது. லாரியையும் டயரையும் ஆக்கிப் பழகிய இப்பகுதியின் பட்டறைகளுக்கு இவை பெரிய வேலைகள் அல்ல. லாரிகள் காத்திருக்கச் சாலைக்கு வெளியே இடமும், நடப்பவர்க்கு உடையாத நடைபாதையும் வேண்டும். காற்றுப்பைக்காக எழுந்த குரலில் பாதி அளவேனும் இவற்றுக்காக எழுந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பட்டை விலையின்றி வந்து சேர்ந்த இடத்திலும் நாம் அதை நடத்தும் முறை வியப்புக்குரியது. முன் இருக்கைகளுக்குப் பட்டை 1994 முதல் இந்நாட்டுக் கார்களில் கட்டாயமாகப் பொருத்தப்படுகிறது. அணியாதவர்க்கு ஆயிரம் ரூபாய் தண்டம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் கூறுகின்றது. பட்டை அணியாவிட்டால் கார் ஒலி எழுப்பி நினைவூட்டும். அவ்வொலியை ஏமாற்றுவதற்கென்றே ஓர் இரும்புக் கொக்கி செய்து விற்றனர். அதை மாட்டிவிட்டால் பட்டை அணிந்ததாகக் கார் நம்பிவிடும். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆணையிட்ட பிறகு, இணைய அங்காடிகளிலிருந்து அத்தகைய 13,118 விற்பனை அறிவிப்புகள் நீக்கப்பட்டன. தன் உயிரைக் காக்கக் கூவும் ஒன்றின் வாயை அடைக்கப் பணம் கொடுத்து ஒரு பொருளை வாங்குவதைப் போன்ற விந்தை வேறு உண்டோ?

"ஊருக்குள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்தானே செல்கிறோம்" என்பார் சிலர். அவ்வேகத்தில் ஒரு சுவரில் மோதுவது ஆறு மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்கு ஒப்பாகும். இரண்டாம் மாடியின் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதிக்க அவர்கள் இசைவரா? அறுபது கிலோமீட்டர் வேகமானால் அவ்வுயரம் பதினான்கு மீட்டர். கையால் முன்னே ஊன்றித் தடுத்துக்கொள்ளலாம் என்பது வீண் நம்பிக்கை. தாயின் மடியில் இருக்கும் குழந்தையைத் தாயின் கைகள் அப்போது பிடித்து நிறுத்த இயலாது. குழந்தைக்கெனத் தனி இருக்கை வேண்டும் என்று அறிஞர் வற்புறுத்துவது இதனால்தான்.

பின் இருக்கையைப் பற்றி நம்மிடையே நிலவும் எண்ணம் இன்னும் தவறானது. முன்னே இருப்பவர்க்குத்தான் ஆபத்து, பின்னே இருப்பவர் மெத்தையில் சாய்ந்த செல்வர் என்று கருதுகிறோம். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் மகாராட்டிரத்தின் பால்கர் அருகே பெருந்தொழில் அதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். அவர் சென்றது உலகப் புகழ் பெற்ற விலையுயர்ந்த கார். அவர் பின் இருக்கையில் பட்டை அணியாமல் அமர்ந்திருந்தார். அவருடன் பின்னே இருந்த மற்றொருவரும் அணியவில்லை, அவரும் மாண்டார். முன்னே இருந்த இருவரும் பலத்த காயத்தோடு உயிர் பிழைத்தனர். அவ்வாண்டில் பட்டை அணியாமல் இந்நாட்டில் இறந்தோர் 16,715 பேர். அவர்களுள் ஓட்டுநர் 8,384; மற்றப் பயணியர் 8,331. ஏறத்தாழச் சரிபாதி.

பின் இருக்கையில் அமர்பவர் பெரும்பாலும் யார்? பாட்டியும், தாயும், பள்ளிக்குச் செல்லும் நீங்களும். வாடகைக் காரில் ஏறியவுடன் பின்னே பட்டையைத் தேடிப் பாருங்கள். தோளருகே தொங்கும் பட்டை கைக்கு எட்டும். அதைப் பூட்ட வேண்டிய பூட்டோ பல கார்களில் கண்ணுக்குத் தெரிவதில்லை. இருக்கை அழுக்காகாமல் இருக்கப் போட்ட உறை அதை மூடிவிட்டிருக்கும். வண்டி புறப்படுமுன் ஓட்டுநரிடம், "அண்ணா, உறையைச் சற்றே விலக்கிப் பூட்டை வெளியே எடுத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். உறைக்கும் இருக்கைக்கும் இடையே கைவிட்டு அதை எடுக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆகும். அதன்பின் ஏறும் பயணியர் எவரும் அதைத் தேட வேண்டியிராது.